கைக்குச் சொந்தக்காரன்

விளையாட்டைப் பற்றி எழுத உட்காரும் கதாசிரியனைத் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கதை வற்றிவிட்டது, அதனால் மைதானத்தின் பக்கம் ஒதுங்கிவிட்டான் என்று தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சமாதானம் சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது கதையைப் பற்றித்தான். ஒரு மனிதனுடைய உண்மையான வாழ்க்கை கண்ணுக்கு முன்னால் கிடக்கும்போது, அதில் எந்தப் பாதியை எடுத்துக் கதையாக்குகிறோம், எந்தப் பாதியைக் குப்பையில் போடுகிறோம் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை. பந்து, மைதானம், அமெரிக்கா எல்லாம் அதற்கு ஒரு சந்தர்ப்பம்.

'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று 2014-ல் ஒரு படம் வந்தது. டிஸ்னி கம்பெனியார் எடுத்த படம். கிரெய்க் கில்லெஸ்பி டைரக்ட் செய்தார், டாம் மெக்கார்த்தி திரைக்கதை எழுதினார், நம்முடைய ஏ. ஆர். ரஹ்மான் இசை அமைத்தார். அந்தப் படத்துக்கு ஆதாரம் உண்மைச் சம்பவம். ஜே. பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஏஜெண்டு ஒருவர், இத்தனை கோடி ஜனங்கள் உள்ள இந்தியாவில் வேகமாகப் பந்து எறியும் கை ஒன்றாவது இல்லாமலா போகும் என்று எண்ணி இங்கே வந்து போட்டி நடத்தினார். 30,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் 2008-ல் முதலாவதாக வந்தவர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்தில் கம்பள நெசவுக்குப் பெயர்போன பதோஹி ஜில்லாவைச் சேர்ந்த பையன், இடது கைக்காரன். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து 1,00,000 டாலர் பரிசு பெற்றார். அவரோடு தேறிய இன்னொருவர் தினேஷ் பட்டேல். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் பந்தை அதற்கு முன் கையால் தொட்டதில்லை. இருவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப்போய், டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் விட்டுப் பழக்கினார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் சேர்ந்த முதல் இந்தியர்கள் இவர்களே.

படம் மோசமான படம் அல்ல. இதை மறைப்பது விமரிசகனுக்கு அழகில்லை. ஆலன் ஆர்க்கின் என்ற வயதான நடிகர் அதில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அனுபவசாலியாக வருகிறார். வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தூங்குகிறார். பந்து கையுறையில் போய் விழும் சத்தத்தைக் கேட்டே வேகத்தைச் சொல்லிவிடுகிறார். பாட்டுக் கச்சேரியில் கண்ணை மூடியபடியே அபஸ்வரத்தைக் கண்டுபிடிக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோமே, அந்த ஜாதி. சூரஜ் சர்மா ரிங்குவாக வருகிறார். அவருடைய கூச்சம் நடித்த கூச்சமாக இல்லை. ரஹ்மானுடைய இசை சந்தைத் தெருவின் புழுதியைக் காதுக்குக் கொண்டுவந்து விடுகிறது. குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆனால் படம் முடிந்து வெளியே வந்து, நாம் பார்த்தது யாருடைய கதை என்று கேட்டுக்கொண்டால் விடை சங்கடமாக இருக்கிறது. அது ஏஜெண்டின் கதை. அவருக்குப் பணமுடை வருகிறது, யோசனை உதிக்கிறது, கடல் கடந்து போகிறார், இரண்டு பையன்களைக் கொண்டுவருகிறார், அவர்களால் தொல்லைப்படுகிறார், பின்கட்டில் குடியிருக்கும் டாக்டர் பெண்ணை நேசிக்கிறார், கடைசியில் நல்ல மனிதராகிறார். இரண்டு பையன்களும் அவர் நல்ல மனிதராவதற்கான படிக்கட்டுகள். அவர்களுக்கு லிஃப்டு புதிது, பீட்ஸா புதிது, மது புதிது. அந்தப் புதுமையில் தடுமாறி நம்மைச் சிரிக்கவைப்பது அவர்கள் வேலை. அவர்கள் எறிந்த பந்து கழகத்தாரின் கண்ணில் பட்டு, ஒப்பந்தம் கிடைத்ததும் படம் முடிந்துவிடுகிறது. பிறகு அசல் பையன்களின் படங்களைக் காட்டி நம்மை எழுப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் ஒரு சின்ன வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஏஜெண்டு ஓர் இரவு டெலிவிஷனில் கிரிக்கெட்டையும், சூசன் பாயில் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி பாடி உலகை அசத்திய பாட்டுப் போட்டியையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போதுதான் அந்த யோசனை பிறப்பதாகப் படத்தில் காட்டுகிறார்கள். அந்தப் பெண்மணி பாடியது 2009 ஏப்ரலில். பையன்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோ 2008 நவம்பரில்! கதைக்காகக் காலத்தை இப்படி முன்னே பின்னே நகர்த்துவதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். கதாசிரியர்கள் எல்லாரும் செய்கிற காரியந்தான். எனக்கு உறுத்துவது வேறு. ஏஜெண்டின் மூளையில் ஒரு யோசனை உதித்த வினாடியைக் காட்ட இவ்வளவு சிரமப்பட்டவர்கள், அந்தப் பையனுடைய தோளில் என்ன நடந்தது என்பதைக் காட்ட அதில் பாதிச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

தோளில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் கிரிக்கெட் தெரியாத வீடு இல்லை. அதனால் பேஸ்பாலும் அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்துவிடுகிறோம். பந்து வீசுகிறவன் கையில் இரண்டும் வெவ்வேறு தொழில்கள். கிரிக்கெட்டில் ஓடிவந்து, முழங்கையை நிமிர்த்தி, 22 கஜ ஆடுகளத்தில் பந்தைத் தரையில் குத்தி எழுப்ப வேண்டும். தரையும் காற்றும் பந்தின் தையலும் வீசுகிறவனுக்குத் துணை. பேஸ்பாலில் ஓட்டம் இல்லை. ஒரு சின்ன மேட்டின்மேல் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, முழங்கையை மடக்கிச் சாட்டைபோல் சொடுக்கி எறிய வேண்டும். 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் 17 அங்குல அகலமுள்ள ஒரு தட்டு. அதற்கு மேலே, மட்டைக்காரனுடைய முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, காற்றில் ஒரு கண்ணுக்குத் தெரியாத ஜன்னல். பந்து தரையைத் தொடாமல் அந்த ஜன்னல் வழியாகப் போக வேண்டும். தரையின் உதவி இல்லாததால் எல்லா வேலையும் கையின் தலையில் விழுகிறது. மனிதனுடைய முழங்கை இதற்காகப் படைக்கப்பட்டதன்று. உள்பக்கத்தில் இருக்கும் ஒரு தசைநார் வருஷக்கணக்கில் இழுபட்டு ஒரு நாள் அறுந்துபோகிறது.

1974 வரையில் அது அறுந்தால் தொழிலும் அறுந்தது. அந்த வருஷம் டாமி ஜான் என்ற இடது கை எறியாளருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர், வலது கையிலிருந்து ஒரு நாரை எடுத்து இடது முழங்கையில் வைத்துத் தைத்தார். டாமி ஜான் ஒன்றரை வருஷம் காத்திருந்து 1976-ல் திரும்பி வந்தார். 1989 வரையில் ஆடினார். மொத்தம் 288 ஆட்டங்களை வென்றார்; அவற்றில் 164 அந்தச் சிகிச்சைக்குப் பிறகு வென்றவை. இன்று அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான். ஒரு மனிதனுடைய பெயர் அவன் வென்ற ஆட்டங்களுக்காக நிலைக்காமல் அறுந்த நாருக்காக நிலைத்திருப்பது எப்பேர்ப்பட்ட விசித்திரம்! அந்தத் தொழிலின் சுபாவம் அதிலே முழுசாகத் தெரிகிறது.

இனி, படம் எங்கே நின்றதோ அங்கிருந்து ரிங்கு சிங்கின் கதையைப் பார்ப்போம். 2009 ஜூலையில் புளோரிடாவில், தொழில்முறைப் படிக்கட்டின் அடிப்படியான புதுமுக லீக்கில் இரண்டு பையன்களும் களம் இறங்கினார்கள். அந்த மாதமே ரிங்குவின் பெயரில் ஒரு வெற்றி பதிவாயிற்று. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியப் பிரஜை பெற்ற முதல் வெற்றி அது. 2010 முடிவில் தினேஷ் பட்டேலைக் கழகம் விடுவித்துவிட்டது. அவர் ஊர் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தார். மறுபடியும் ஈட்டியைக் கையில் எடுத்தார். ரிங்கு தங்கிவிட்டார். குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஆட்டம் இல்லை என்று ஆஸ்திரேலியாவுக்குப் போய் கான்பெரா நகரத்துக்காக ஆடினார். 2012-ல் வெஸ்ட் வர்ஜீனியாவில், சிற்றணிகளின் நடுப்படி ஒன்றில், 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்று ஓட்டங்களே கொடுத்தார். இந்தக் கணக்கைக் கேட்டால் பேஸ்பால் அறிந்தவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் பந்தையே தொட்டறியாத பையன், பால்ய வயது முதல் அதையே தின்று அதையே தூங்கிய அமெரிக்கப் பையன்களுக்கு எதிரே நின்று பெற்ற கணக்கு இது. இன்னும் மூன்று படி ஏறினால் மாடி.

அந்த மூன்று படியை அவர் ஏறவில்லை. முழங்கை நார் அறுந்தது. டாமி ஜான் ஆபரேஷன் நடந்தது. 2013, 2014, 2015 என்று மூன்று ஆட்டப் பருவங்கள் காயத்திலும் சிகிச்சையிலும் கழிந்தன. அவரைப் பற்றிய படம் உலகமெங்கும் கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்த 2014-ஆம் வருஷத்தில், திரையில் வெற்றிப் பந்தை எறிந்துகொண்டிருந்த அந்தக் கை வெளியே எறிய முடியாமல் கிடந்தது. எந்தக் கதாசிரியனும் இதைக் கற்பனையாக எழுதினால், 'மிகைப்படுத்திவிட்டான்' என்று சொல்லிவிடுவோம். 2018-ல் ரிங்கு சிங் பேஸ்பாலை விட்டு அமெரிக்காவின் காட்சி மல்யுத்தத்தில் சேர்ந்தார். நெற்றியில் விபூதிப் பட்டையும் நீண்ட சடையுமாக 'வீர் மஹான்' என்ற பெயரில் மேடையேறினார். 2024-ல் அந்தக் கம்பெனியும் அவரை விடுவித்தது.

இந்த வரலாற்றைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "பாவம், தோற்றுவிட்டான்" என்றார். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் ஒரு தொழிலில் ஏழெட்டு வருஷம் இருந்தான், அதில் தேர்ந்தான், கை போயிற்று, வேறு தொழிலுக்குப் போனான். இதை நம் வீட்டு மனிதர்கள் விஷயத்தில் தோல்வி என்றா சொல்கிறோம்? வாழ்க்கை என்றல்லவா சொல்கிறோம்? 'மாடிக்குப் போகாதவன் எல்லாம் தோற்றவன்' என்ற கணக்கு மைதானத்தின் கணக்கு அல்ல, ஏஜெண்டின் கணக்கு. படம் நமக்குத் தெரியாமல் அந்தக் கணக்கை நம் மனசில் ஏற்றிவிட்டது என்பதே அதன்மேல் எனக்குள்ள பெரிய புகார்.

நான் குடியிருக்கும் சேரப்பணஞ்சேரியில் இந்தப் புகாருக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்துக்கு இப்பால் இருக்கும் ஊர் இது. ஏரி பார்த்துப் பயிர் செய்துகொண்டிருந்த பிரதேசத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று பெரும் பெரும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. தொழிற்சாலைகளின் பின்னாலேயே, வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விடும் வீடுகள் வந்தன. அறைகளில் பீகார், ஒடிஸா, உத்தரப் பிரதேசப் பையன்கள். தெற்கு ஜில்லாக்களிலிருந்து வந்த நம் பையன்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் எல்லாரும் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். பாஷை வேண்டாத ஆட்டம். சண்டைக்கு மட்டும் கொஞ்சம் பாஷை தேவைப்படுகிறது.

எங்கள் பக்கத்து அறைகளில் இருக்கும் மிர்ஸாப்பூர் பக்கத்துப் பையன் ஒருவன் இந்தப் படத்தை டெலிபோனிலேயே பார்த்திருந்தான். ரிங்கு சிங்கின் ஊர் அவன் ஊருக்கு அடுத்த ஜில்லா என்பதில் அவனுக்குப் பெருமை. "படம் எப்படியப்பா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு சார்" என்றான். சற்று யோசித்து, "அந்தப் பையனுக்கு மாசச் சம்பளம் எவ்ளோ சார்? படத்துல சொல்லலை" என்றான்.

எத்தனையோ பெரிய பெரிய விமரிசகர்கள் அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருப்பார்கள். இவ்வளவு கூர்மையான கேள்வியை அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்! பரிசுத் தொகையைப் படம் சொல்கிறது. தலைப்பிலேயே மில்லியன் டாலர் இருக்கிறது. சம்பளத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் கதை கெட்டுவிடும். அடிப்படியில் ஆடுகிறவர்களுக்கு 2023-க்கு முன்பு, ஒரு வருஷத்துக்குக் கழகங்கள் கொடுக்கவேண்டியிருந்த குறைந்த சம்பளம் 4,800 டாலர். ஆட்டப் பருவத்துக்கு மட்டுந்தான் சம்பளம். பருவத்துக்கு முந்திய வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. இதை எதிர்த்து ஆரன் சென் என்ற முன்னாள் ஆட்டக்காரரும் வேறு சிலரும் கோர்ட்டுக்குப் போனார்கள். போன வருஷம் எது? இந்தப் படம் வெளிவந்த அதே 2014! வழக்கு எட்டு வருஷம் நடந்தது. இடையில் 2018-ல், சிற்றணி ஆட்டக்காரர்களை மத்திய அரசின் சம்பளச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கிவைக்க அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டமே செய்தது. 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்' என்று அதற்குப் பெயர். பெயர் வைப்பதில் எல்லா நாட்டு அரசியல்வாதிகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலும்! கடைசியில் 2022-ல் கழகங்கள் 18 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. அதே வருஷம் சிற்றணி ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் கையெழுத்தான முதல் ஒப்பந்தத்தில் அந்த 4,800 டாலர் 19,800 டாலர் ஆயிற்று.

கழகங்கள் தங்கள் தரப்பில் சொல்லிவந்த நியாயத்தைக் கவனிக்க வேண்டும். இது உத்தியோகம் அல்ல, பருவகாலத்துக்கு மட்டுமான பயிற்சி என்று வாதாடின. இந்த வாசகத்தை ஒரகடத்தில் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் டிரெய்னி உண்டு, அப்ரெண்டிஸ் உண்டு, கான்ட்ராக்ட் உண்டு. நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் பையன்கள் மாடியைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்க்கிறார்கள். நிரந்தரம் என்று நினைத்ததும் நிரந்தரமாக இருப்பதில்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, ஆயிரக்கணக்கான பெண்களும் பையன்களும் வேலை பார்த்த இடம், 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்தச் சாலையில் அப்போது பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிய பெண்கள் யாரையும் நாம் தோற்றவர்கள் என்று சொல்வதில்லை. அவர்கள் கையின் சாமர்த்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. கைக்குச் சொந்தக்காரர் ஒருவர், கைக்கு விலை வைப்பவர் இன்னொருவர் என்பதுதான் அங்கே விஷயம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். குழந்தைகளும் பார்ப்பதற்காக எடுத்த படத்தில் சம்பளப் பட்டியலையும் கோர்ட்டு வழக்கையும் தேடலாமா? இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போவது தவறா? தவறே இல்லை. சந்தோஷமான முடிவுக்கு நான் விரோதி அல்ல. ஆனால் சந்தோஷத்தைத் தருவதற்காகக் கதையை எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில் ஒரு தர்மம் இருக்கிறது. கல்யாணத்தோடு கதையை முடிக்கிறவர்கள் குடும்பம் நடத்துவது சுலபம் என்று பொய் சொல்வதாக அர்த்தமில்லை. கேட்கிறவர்களுக்கும் மிச்சம் தெரியும். ஏனென்றால் கல்யாணத்துக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே பார்க்கிறார்கள். ஒப்பந்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பது மிர்ஸாப்பூர்ப் பையனுக்கு எப்படித் தெரியும்? கதைதான் சொல்ல வேண்டும். தெரியாதவனிடம் பாதியைச் சொல்லி நிறுத்துவது, தெரிந்தவனிடம் பாதியைச் சொல்லி நிறுத்துவதைப் போன்றதல்ல.

அமெரிக்கர்களுக்கே இது தெரியாததல்ல. அவர்களுடைய இலக்கியத்தில் பேஸ்பால் எறியாளனுக்குப் பழைய இடம் ஒன்று உண்டு. ரிங் லார்ட்னர் என்பவர் பத்திரிகை நிருபராக ஆட்டக்காரர்களோடு ரயிலில் சுற்றியவர். 1916-ல் 'யூ நோ மீ ஆல்' என்ற நூலை வெளியிட்டார். ஜாக் கீஃப் என்ற எறியாளன் ஊரிலிருக்கும் சிநேகிதனுக்கு எழுதும் கடிதங்களே நூல் முழுவதும். ஜாக் கீஃப் பெரிய ஜம்பக்காரன், எழுத்துப் பிழை மலிந்தவன், கஞ்சன். ஆனால் அவன் கடிதங்களில் சம்பளம் இருக்கிறது! எவ்வளவு கேட்டான், முதலாளி எவ்வளவு கொடுத்தார், கீழ் அணிக்கு எப்படித் தள்ளப்பட்டான், எப்படித் திரும்பினான் என்பதெல்லாம் அவன் வாயாலேயே வருகின்றன. நாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்; ஆனால் கதை அவனுடையது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஹாஸ்ய நூலில் இருக்கும் இந்த மரியாதை டிஸ்னியின் படத்தில் இல்லை.

இன்னொரு உதாரணம் இதைவிடத் துலாம்பரமானது. பெர்னார்ட் மாலமுட் 1952-ல் 'தி நேச்சுரல்' என்ற நாவலை எழுதினார். ராய் ஹாப்ஸ் என்ற பத்தொன்பது வயது எறியாளன் பெரிய அணியில் சேரப் போகும் வழியில் ஒரு பெண்ணால் சுடப்படுகிறான். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, மட்டைக்காரனாகத் திரும்பி வருகிறான். நாவலின் முடிவில், எல்லாம் அவன் மட்டையில் இருக்கும்போது, பந்தை அடிக்க முடியாமல் வெளியேறுகிறான். 1984-ல் இதைப் படமாக எடுத்தார்கள். படத்தில் அதே கட்டத்தில் அவன் அடிக்கும் பந்து மைதானத்து விளக்குகளை உடைத்துக்கொண்டு பறக்கிறது. விளக்குப் பொறிகள் மழையாகக் கொட்டுகின்றன, கொட்டகையில் கைதட்டல். எழுதியவன் தோல்வியில் முடித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மனிதன் தன் ஆசைகளிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே நாவலின் உயிர். சினிமா அந்த உயிரை எடுத்துவிட்டு உடம்புக்கு அலங்காரம் செய்தது. 2014-ல் நடந்ததும் இதேதான். ஒரே ஒரு வித்தியாசம்: மாலமுட்டின் கதாநாயகன் கற்பனை மனிதன், அவனுக்கு வலிக்காது.

நம் பக்கம் திரும்புவோம். கைவீச்சுக்காரர்களுக்கு நம் ஜில்லாவிலும் பஞ்சமில்லை. சேரப்பணஞ்சேரியும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் மொறப்பாக்கத்தில் 1909-ல் பிறந்தவர் எம். ஜே. கோபாலன். வேகப் பந்து வீச்சாளர். அவர் திறமையைக் கண்டுகொண்டவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். பர்மா ஷெல் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம் கிடைக்கவும் வழி செய்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டீனின் இங்கிலாந்து அணிக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார்; ஒரு விக்கெட் எடுத்தார். அதே வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக, ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதல் பந்தை வீசியவர் அவரே. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது, ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1935-ல் இந்திய ஹாக்கி அணியோடு நியூஜீலந்து சென்றார். 1936-ல் இரண்டு வழி அவர் முன் நின்றன: ஹாக்கியோடு பெர்லின் ஒலிம்பிக்ஸ், கிரிக்கெட்டோடு இங்கிலாந்து. இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரைச் சேர்க்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

கோபாலனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு 'தப்புக் கணக்கோடு' நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் சென்னைக்காகப் பந்து வீசினார். சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த போட்டிக்கு 1950-களில் அவர் பெயரிலேயே கோப்பை வைத்தார்கள். பிற்காலத்தில் இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பவராகவும் இருந்தார். 2003 வரையில் வாழ்ந்தார். ஆனால் கதை கேட்கும் புத்திக்கு அந்த இங்கிலாந்துக் கப்பல் ஒன்றே போதுமாக இருக்கிறது. டிஸ்னிக்காரர் வெற்றியில் வெட்டுகிறார். நாம் வருத்தத்தில் வெட்டுகிறோம். இருவரும் வெட்டித்தான் விடுகிறோம். தொண்ணூற்று நான்கு வருஷம் வாழ்ந்த மனிதருக்கு ஒரே ஒரு நாளைக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

அதனால் தமிழில் எதுவுமே இல்லை என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். 2024-ல் வந்த 'லப்பர் பந்து' என்ற படம் இந்த விஷயத்தில் எனக்கு மிகுந்த ஆறுதல் அளித்தது. அதில் வரும் ஆட்டக்காரர்கள் இந்திய அணிக்குப் போவதில்லை. ஊர் ஊராகப் போய் ரப்பர் பந்தில் ஆடுகிறார்கள். ஒருவனுக்கு வீட்டில் பெண்டாட்டியின் கோபம். இன்னொருவனை அணியில் சேர்த்துக்கொள்ளச் சாதி தடுக்கிறது. ஆட்டம் அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து தப்பிக்கும் ஏணியாக இல்லை. வாழ்க்கைக்கு உள்ளேயே இருக்கிறது. எந்த ஏஜெண்டும் வந்து அவர்களைக் கண்டுபிடிப்பதில்லை. ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்தைவிட இது சிறந்தது என்று நான் சொல்வதற்குக் காரணம் தேசாபிமானம் அல்ல. இதில் பந்து எறிகிறவன் கண் வழியாகப் பந்தைப் பார்க்கிறோம். அதில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தவர் கண் வழியாகப் பார்க்கிறோம்.

ரிங்கு சிங்கைப் பற்றி இன்னொரு கதை எழுதப்பட வேண்டும். அது சோகக் கதையாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் கேட்டாலும் சம்மதிக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. 2012-ஆம் வருஷத்துக் கோடையில் வெஸ்ட் வர்ஜீனியாவில் அந்த 72 இன்னிங்ஸை எப்படி எறிந்தார் என்பதை யாராவது எழுத வேண்டும். ராத்திரி பஸ்ஸில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுக்கு என்ன செய்தார், ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்பினார், தினேஷ் போன பிறகு ஹிந்தியில் யாரோடு பேசினார், முழங்கையில் முதல் வலி வந்த அன்று யாரிடமும் சொல்லாமல் எத்தனை நாள் இருந்தார் என்பதையெல்லாம் எழுதவேண்டும். அந்தப் புஸ்தகத்தில் வெற்றியும் இருக்கும், வலியும் இருக்கும், சம்பளமும் இருக்கும். ஏஜெண்டும் இருக்கட்டும், ஒரு அத்தியாயத்தில்.

அப்படி ஒரு புஸ்தகம் எந்தப் பாஷையில் வந்தாலும் வாங்கிப் படிப்பேன். மிர்ஸாப்பூர்ப் பையனுக்கும் படித்துச் சொல்வேன். அவனுடைய கேள்விக்கு இந்தக் கட்டுரையில் நான் கொடுத்திருப்பது வெறும் தொகைதான். கதை கொடுக்கவேண்டிய பதில் இன்னும் பாக்கி இருக்கிறது.